குழந்தைக்குக் குடற்புழுச் சிக்கல் வந்தால் என்ன செய்வது: அவசர அறிகுறிகள் முதல் மறுபரிசோதனை வரை

குடற்புழு என்றால் ஒரு பூச்சி மாத்திரையில் தீர்ந்துவிடும் என்று பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறோம். பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் புழுக்கள் பெருகிக் குடலை அடைத்துவிட்டாலோ, மாதக்கணக்கில் இரத்தத்தை உறிஞ்சியிருந்தாலோ, மலக்குடலைப் புண்ணாக்கியிருந்தாலோ மாத்திரை என்பது சிகிச்சையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. சில நிலைகளில் அதை உடனே கொடுப்பதே ஆபத்தாகிவிடும். எங்கள் குழந்தைக்கு உருளைப்புழுக்களால் குடலடைப்பு ஏற்பட்டு மருத்துவமனையில் ஒவ்வொரு மேசையாக நின்றபோது, எதை எப்போது கேட்பார்கள், எதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எங்கே பணம் வீணாகும் என்பதை யாராவது வரிசையாக எழுதி வைத்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்காக அதை இங்கே எழுதுகிறேன். குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவரிடம் போகும்போது நீங்கள் தயாராகப் போக இது உதவும்.

1. இது அவசரமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள்.

- நிற்காத வாந்தி, குறிப்பாகப் பச்சை நிறத்தில் வரும் பித்த வாந்தி
- வயிறு உப்பிப்போய், மலமும் வாயுவும் வெளியேறாமல் இருப்பது
- விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும் வயிற்றுவலி, அல்லது வயிற்றைத் தடவும்போது கையில் தட்டுப்படும் கட்டி
- காய்ச்சலுடன் வயிற்றின் வலது மேற்புறத்தில் வலி, அல்லது கண்கள் மஞ்சளாக மாறுவது
- தார் போன்ற கறுப்பு மலம், அல்லது மலத்தில் தொடர்ந்து இரத்தம்
- உள்ளங்கையும் உதடும் வெளிறி, மூச்சு வாங்குவது
- வெளியே பிதுங்கிய மலக்குடல் உள்ளே திரும்பாமல் இருப்பது
- வலிப்பு

வாந்தியில் புழு வந்தது என்பது மட்டும் தனியாக இருந்து, குழந்தை விளையாடிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால், அன்றைக்குள் மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் மேலே சொன்னவற்றில் எதுவும் அதனோடு சேர்ந்தால் அது அவசர நிலை.

புறப்படும் முன் மூன்று விஷயங்களைத் தவிர்க்க வேண்டும். பூச்சி மாத்திரை கொடுக்கக்கூடாது, பேதி மருந்து கொடுக்கக்கூடாது, உணவோ பாலோ கொடுக்கக்கூடாது. அடைப்பு உள்ள குடலில் புழுக்கள் மருந்தால் தூண்டப்பட்டு மேலும் முறுக்கிக்கொள்ளவோ, செத்து மொத்தமாக அடைத்துக்கொள்ளவோ வாய்ப்புண்டு. மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். குழந்தை கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன உட்கொண்டது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது.

வலியில் துடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஓய்ந்து அசையாமல் படுத்துவிட்டால், குணமாகிவிட்டது என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள். குடல் அழுகத் தொடங்கியதன் அல்லது துளைபட்டதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். நெரிபட்ட குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றபின் சேதம் மணிக்கணக்கில் பரவும்.

2. எந்தப் புழு, எந்தச் சிக்கல் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இது தெரிந்திருந்தால்தான் மருத்துவர் ஏன் ஒரு பரிசோதனையைக் கேட்கிறார், மற்றொன்றை ஏன் கேட்கவில்லை என்பது விளங்கும்.

உருளைப்புழுதான் குடலை அடைப்பது. முதிர்ந்த பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளும். ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு இலட்சம் முட்டைகள் இடும். சிறு குழந்தையின் குடல் குறுகலானது என்பதால், புழுக்கள் கயிறு முறுக்கியதுபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சிக்கிக்கொள்கின்றன. சில சமயம் ஒரே ஒரு புழு பித்தக் குழாய்க்குள்ளோ கணையக் குழாய்க்குள்ளோ நுழைந்து, கடும் வலியையும் காய்ச்சலையும் உண்டாக்குகிறது. குடல்வாலுக்குள் நுழைந்தால் குடல்வால் அழற்சி வரலாம். முட்டைகளை விழுங்கிய ஒன்றிரண்டு வாரங்களில் புழுவின் இளம் பருவங்கள் நுரையீரல் வழியாகப் பயணம் செய்கின்றன. அப்போது வறட்டு இருமலும் மூச்சு இழுப்பும் வரலாம். அந்த நேரத்தில் மலப் பரிசோதனை செய்தால் ஒன்றும் தெரியாது. புழு முதிர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே இருமல் காலத்து மல அறிக்கையில் ‘முட்டைகள் இல்லை’ என்று இருந்தால், அதை வைத்துக்கொண்டு அடுத்த பல மாதங்களுக்குப் புழுவே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு வாழும் இப்புழுவில் ஒருவகை நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டரும், மற்றொரு வகை ஏறக்குறைய 0.2 மில்லிலிட்டரும் இரத்த இழப்பை ஏற்படுத்துகின்றன. ஒரு புழுவுக்கு இது துளிதான். நூறு புழுக்களும் சில மாதங்களும் சேர்ந்தால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரும்புச் சத்து இருப்பைத் தீர்த்துவிடப் போதுமானது. பெரும்பாலும் வயிற்றுவலியும் இருக்காது, புழுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் குழந்தை ‘மந்தமாக’ இருக்கிறது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். இந்த ஒரு காரணத்தாலேயே கொக்கிப்புழுவை மற்றவற்றைவிட அதிகமாக அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து.

சாட்டைப்புழு பெருங்குடலில் வாழ்வது. எண்ணிக்கை மிகுந்தால் சளியும் இரத்தமும் கலந்த நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலக்குடல் வெளித்தள்ளல், இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவை சேர்ந்து வரும். இதைச் சாதாரணச் சீதபேதி என்று கருதி நுண்ணுயிர்க்கொல்லிகளையே மாற்றிமாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பது வழக்கமான பொறி.

இரவில் ஆசனவாயில் அரிப்பைத் தரும் ஊசிப்புழு உயிருக்கு ஆபத்தானதில்லை. சொறிந்த இடம் புண்ணாவதும், பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பில் அழற்சி ஏற்படுவதும் உண்டு.

3. கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை

அவசரமாக ஓடும்போது இதையெல்லாம் தேட முடியாது. ஒரு உறையில் போட்டு எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

- தடுப்பூசி அட்டை, எடை மற்றும் உயரப் பதிவுகளுடன். வளர்ச்சிக் கோடு எந்த மாதத்தில் தளர்ந்தது என்பதை மருத்துவர் இதிலிருந்துதான் காண்பார்.
- இதுவரை கொடுத்த பூச்சி மாத்திரைகளின் பெயர், அளவு, தேதி. பள்ளியிலோ முகாமிலோ கொடுத்தவையும் இதில் அடங்கும்.
- பழைய இரத்த, மலப் பரிசோதனை அறிக்கைகள்.
- தற்போது கொடுத்துவரும் எல்லா மருந்துகளின் பட்டியல். ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம்.
- பெற்றோரின் அடையாள அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், காப்பீடு இருந்தால் அதன் அட்டை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடச் சட்டப்படி உரிமையுள்ளவர் உடன் இருக்க வேண்டும். தாத்தா பாட்டியுடன் மட்டும் அனுப்பினால் அறுவை சிகிச்சைக்கு முன் தாமதம் ஏற்படலாம்.

புழு வெளியே வந்திருந்தால் அருவருப்புப்பட்டு எறிந்துவிடாதீர்கள். மூடியுள்ள சுத்தமான கண்ணாடிக் குப்பியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அளவுகோலை அருகில் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புழு என்பது அதிலேயே தெரிந்துவிடலாம்.

இரண்டு விஷயங்களைக் கேட்காமலேயே சொல்ல வேண்டும். குழந்தைக்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் சொல்லுங்கள். பன்றி நாடாப்புழுவின் கட்டிகள் மூளையில் இருக்கும் குழந்தைக்குப் புழு மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும். மூச்சு இழுப்புக்கோ வேறு நோய்க்கோ ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்படுகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற இன்னொரு குடற்புழு, ஸ்டீராய்டு எடுப்பவர் உடலில் கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைப் பறிக்கக்கூடியது.

4. பரிசோதனைகள்: எதை முதலில், எதைப் பிறகு

அவசர நிலையில் வயிற்று எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும்தான் முதலில் வரும். உருளைப்புழுக்களை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டிவிடும். தண்டவாளம்போல் இணையாக ஓடும் கோடுகளாக அவை தெரியும், சில சமயம் நெளிவதும் தெரியும். கதிர்வீச்சு இல்லாத, செலவும் குறைந்த பரிசோதனை இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு சிடி ஸ்கேன் தேவைப்படாது. அதைச் செய்யச் சொன்னால், அல்ட்ராசவுண்டில் எது தெளிவாகவில்லை என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

அவசரம் இல்லையென்றால் மலப் பரிசோதனை. இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறோம். முட்டைகள் எல்லா நாளும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. எனவே வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளைக் கொடுப்பது நல்லது. சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல், கழிப்பறையில் விழாமல், காகிதத்தின் மீதோ குழந்தைக் கழிப்பானிலோ பிடித்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். டயப்பரில் உறிஞ்சப்பட்ட மலம் பயன்படாது. புழு மருந்து கொடுத்தபின் எடுக்கும் மாதிரி குழப்பத்தையே தரும்; மாதிரியை முதலில் எடுங்கள், மருந்தைப் பிறகு கொடுங்கள்.

ஊசிப்புழு சந்தேகம் என்றால் மலப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். அதன் முட்டைகள் மலத்தில் அரிதாகவே தென்படும். காலையில் குழந்தை எழுந்ததும், கழுவுவதற்கும் மலம் கழிப்பதற்கும் முன், ஒளி ஊடுருவும் ஒட்டும் நாடாவை ஆசனவாயைச் சுற்றி ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் (ஸ்லைடு) ஒட்டிக் கொடுக்க வேண்டும். இதையும் மூன்று காலைகள் தொடர்ந்து செய்வது நல்லது.

இரத்தப் பரிசோதனையில் முழு இரத்த அணு எண்ணிக்கை அவசியம். ஹீமோகுளோபினும், புழுத் தொற்றில் கூடக்கூடிய ஒருவகை வெள்ளை அணுவான ஈசினோபிலின் அளவும் அதிலேயே வந்துவிடும்.

5. மருந்து: அளவும் முறையும்

உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி, 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஆல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 200 மில்லிகிராம், அதாவது வழக்கமான மாத்திரையில் பாதி. இரண்டு வயது முதல் 400 மில்லிகிராம். மெபெண்டசோல் என்றால் ஒரே வேளையாக 500 மில்லிகிராம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மருத்துவர் தனியே பார்த்துச் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

ஒரு வேளை மருந்து உருளைப்புழுவை நன்றாக ஒழிக்கும். சாட்டைப்புழுவுக்கு அது போதாது. மருத்துவர்கள் பெரும்பாலும் மூன்று நாட்கள் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். ‘மாத்திரை கொடுத்தோமே, இன்னும் ஏன் இரத்தமாகப் போகிறது’ என்ற கேள்விக்கு விடை பல நேரம் இதில் இருக்கிறது. ஊசிப்புழுவுக்கான மருந்து முதிர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வேளை கொடுக்க வேண்டும், வீட்டிலுள்ள அனைவரும் அதே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தனியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கு ஒரு வேளை ஆல்பெண்டசோல் பயன் தராது. அதற்கு மருந்தே வேறு.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே நொறுக்கி, தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து, தலையைச் சாய்த்து வாயில் திணிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மாத்திரை மூச்சுக்குழாயில் சிக்கினால் நிமிடங்களில் உயிர் போய்விடும்; குழந்தை அமைதியாகும்வரை காத்திருப்பதாலோ மறுநாள் கொடுப்பதாலோ எந்த நஷ்டமும் இல்லை.

கொடுத்தபின் ஓரிரு நாட்களுக்கு இலேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம். மலத்தில் புழுக்கள் வெளியேறலாம். வலி கூடிக்கொண்டே போனால், வாந்தி தொடர்ந்தால், முதல் பகுதியில் உள்ள பட்டியலை மீண்டும் பாருங்கள்.

6. குடலடைப்புக்காக மருத்துவமனையில் சேர்த்துவிட்டால்

அடைப்பு முழுமையாக இல்லாமல், குடல் சேதமடைந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சை இன்றியே சரிசெய்ய முயல்வார்கள். வாய் வழியாக எதுவும் தராமல், மூக்கு வழியே வயிற்றுக்குள் குழாய் இறக்கி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். புழுக்கூட்டம் தளர்ந்து நகர்வதற்கு ஓரிரு நாட்கள் ஆகலாம். ‘ஒன்றுமே செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்’ என்று தோன்றும் காலம் இது. உண்மையில் இந்தக் கண்காணிப்புத்தான் சிகிச்சை. பசியால் அழும் குழந்தைக்கு உறவினர் யாரும் இரக்கப்பட்டு ஒரு வாய் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. புழு மருந்து அடைப்பு நீங்கியபின்தான் தரப்படும்.

வயிறு விறைப்பது, காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறுவது, மலத்தில் இரத்தம், கட்டி அதே இடத்தில் நகராமல் நிற்பது போன்றவை தெரிந்தால் அறுவை சிகிச்சை என்று முடிவெடுப்பார்கள். குடல் நல்ல நிலையில் இருந்தால் புழுக்களைக் கையால் மெல்லத் தள்ளிப் பெருங்குடலுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. இல்லையேல் குடலைச் சிறிது திறந்து எடுப்பார்கள். ஒரு பகுதி அழுகியிருந்தால் அதை வெட்டி நீக்க வேண்டிவரும். ஒப்புதல் படிவத்தில் இவற்றுள் எதற்கெல்லாம் கையெழுத்திடுகிறீர்கள் என்பதைப் படித்துப் பாருங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். மயக்க மருத்துவரிடம் குழந்தைக்கு உருளைப்புழு இருப்பதை நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தாலும் காய்ச்சலாலும் கலையும் புழுக்கள் மேலேறித் தொண்டைக்கும் மூச்சுப் பாதைக்கும் வரக்கூடும்.

7. செலவு எங்கே ஏறுகிறது

மாத்திரைதான் இருப்பதிலேயே மலிவு. பல நாடுகளில் சிறுவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. மலப் பரிசோதனையும் இரத்த அணு எண்ணிக்கையும் சிறு செலவுகள். அல்ட்ராசவுண்ட் நடுத்தரம். பல நாள் படுக்கைக் கட்டணம், அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு, பித்தக் குழாயிலிருந்து எண்டோஸ்கோப்பி வழியாகப் புழுவை எடுப்பது ஆகியவைதான் குடும்பத்தை நிலைகுலைக்கும் செலவுகள்.

சேர்க்கும் நாளிலேயே இரு மதிப்பீடுகளைத் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள்: அறுவை சிகிச்சை இல்லாமல் முடிந்தால் எவ்வளவு, அறுவை சிகிச்சை நடந்தால் எவ்வளவு. காப்பீடு இருந்தால், இரண்டுக்கும் முன் அனுமதி தேவையா என்று அன்றே விசாரியுங்கள். நள்ளிரவில் முடிவெடுக்கும்போது காப்பீட்டு மேசையில் ஆள் இருக்க மாட்டார்கள். ஸ்கேனை வேறு இடத்தில் ஏற்கெனவே எடுத்திருந்தால் அறிக்கையுடன் படங்களையும் கொண்டுபோங்கள். அறிக்கை மட்டும் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

8. இரத்தசோகை: மாதங்கள் எடுக்கும் சிகிச்சை

புழு சில நாட்களில் போய்விடும். இழந்த இரும்பு திரும்ப மாதங்கள் ஆகும். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையானது. மிகவும் குறைந்து மூச்சுத்திணறலும் இருந்தால் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். அதை மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். நாள்பட்ட சோகையால் களைத்த இதயம் வேகத்தைத் தாங்காது.

மற்றவர்களுக்கு இரும்புச் சத்து மருந்து. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே செறிவில் இருப்பதில்லை. ஒன்றுக்குச் சொன்ன மில்லிலிட்டர் கணக்கை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் அளவு பல மடங்கு மாறிவிடும். மருத்துவச் சீட்டில் தனிம இரும்பு, அதாவது மருந்தில் உள்ள இரும்பின் அளவு மட்டும், எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லி, புட்டியின் மேல் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாலோடு சேர்த்துக் கொடுத்தால் சரியாக உட்கிரகிக்கப்படாது. மலம் கறுப்பாகும், அது மருந்தின் நிறம், கவலை வேண்டாம். ஆனால் ஒட்டும் பசையாக, துர்நாற்றத்துடன் தார் போல இருந்தால் உடனே மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்பு மருந்தை இனிப்பென்று குடித்துவிட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் உயர வேண்டும். உயரவில்லையென்றால் அளவு குறைவு, புழு மிச்சம் இருக்கிறது, அல்லது காரணம் வேறு. இயல்பு நிலைக்கு வந்தபின்னும் உடலின் இருப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதங்கள் தொடர வேண்டும். முகம் தெளிந்ததும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு இது திரும்பி வருகிறது.

9. வீடு திரும்பும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை

விடுவிப்புக் குறிப்பில் புழுவின் பெயர், கொடுத்த மருந்து, அளவு, தேதி, கடைசி ஹீமோகுளோபின், குழந்தையின் எடை ஆகிய அனைத்தும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ‘வயிற்றுவலிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்ற ஒரு வரிக் குறிப்பு பின்னாளில் எதற்கும் உதவாது. அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பையும், குடல் வெட்டப்பட்டிருந்தால் எந்தப் பகுதி, எத்தனை சென்டிமீட்டர் என்பதையும், திசுப் பரிசோதனை அறிக்கையையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

10. மறுபரிசோதனையும் மறுதொற்றும்

மருந்து கொடுத்த இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி மலப் பரிசோதனை செய்ய வேண்டும். முட்டைகள் இன்னும் இருந்தால் அது மருந்தின் தோல்வி. பல மாதம் கழித்துத் தென்பட்டால் பெரும்பாலும் அது புதிய தொற்று. இரண்டுக்கும் தீர்வு வேறு என்பதால் தேதிகளைத் துல்லியமாக எழுதி வைப்பது முக்கியம்.

உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் மலத்தோடு வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. மண்ணில் சில வாரங்கள் முதிர வேண்டும். அதன்பின் உருளைப்புழு முட்டை ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் முன் சோப்பால் கழுவுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, பச்சையாக உண்பவற்றைக் கழுவுவது ஆகியவை இவற்றுக்கு. கொக்கிப்புழு தோலைத் துளைத்து நுழைவதால் கை கழுவுவது மட்டும் போதாது, செருப்பு வேண்டும். ஊசிப்புழு முட்டை சில மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும். மருந்து கொடுத்த மறுநாள் காலை குழந்தையைக் குளிப்பாட்டி, உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைக்க வேண்டும். உதறினால் முட்டைகள் அறை முழுவதும் பரவும்.

குடற்புழு பரவலாக உள்ள பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறையும், பாதிப்பேருக்கு மேல் தொற்று உள்ள பகுதிகளில் ஆண்டுக்கு இருமுறையும் மருந்து தர உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. அடுத்த வேளை எப்போது என்பதைத் தடுப்பூசி அட்டையிலேயே குறிக்கச் சொல்லுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி வெட்டப்பட்ட குழந்தைக்கு வைட்டமின் பி12 குறைபாடு சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். அந்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு, அதையும் அதே அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.